விசுவாசத்துக்கு ஒரு கல்!

"பாரப்பா! ரயிலடியில் மூட்டை தூக்கியவனுக்கும் அங்கே கல் நட்டுவைத்திருக்கிறார்கள். பெயர் பொறித்து, பெருமை பொறித்து! நம் நாட்டில் உண்டா இது?"

நண்பர் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. நம்மோடு கல்லூரியில் பயின்றவர். இன்று அமெரிக்க நாட்டில் பொறியாளர். விடுமுறையில் ஊர் வந்தவர், நாம் பாடம் சொல்லும் பள்ளியின் வேப்பமரத்தடியில் அமர்ந்து, கைப்பேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். இரண்டு ஆறுகள் கூடும் காட்சி. இருபுறமும் எழுந்து நிற்கும் மலைகள். பாறையில் வெட்டிய படிகள். மேட்டில் ஒரு மாதா கோவில். கடைசியில் ஒரு கல்.

"விசுவாசம் என்றால் அதுவல்லவா விசுவாசம்! படித்துப் பார்" என்றார்.

படித்தோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. எனவே இதை எழுதுகிறோம்.

ஊரின் பெயர் ஹார்ப்பர்ஸ் பெர்ரி. ஹார்ப்பரின் தோணித்துறை என்று பொருள். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் கிழக்குக் கோடியில், போட்டோமாக் ஆறும் ஷெனன்டோவா ஆறும் கைகோக்கும் மூலையில், மூன்று மாநிலங்கள் எல்லை உரசும் இடத்தில் அமைந்த சிற்றூர். 1783-ஆம் ஆண்டு அங்கு வந்த தாமஸ் ஜெபர்சன், அக்காட்சி ஒன்றைக் காணவே அட்லாண்டிக் கடல் தாண்டி வரலாம் என்ற கருத்துப்பட எழுதிவைத்தார். அவர் நின்ற பாறைக்கு இன்றும் அவர் பெயரே. சுற்றுலாக்காரர் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். நண்பரும் எடுத்துக்கொண்டார்.

அழகுதான், யார் மறுத்தார்? ஆனால் அட்லாண்டிக் கடல் தாண்டி வந்தவர்களில் ஒரு கூட்டம் காட்சி காண வரவில்லையே! கப்பலின் அடித்தட்டில், காலில் விலங்கோடு அல்லவா வந்தது! மனிதர் யாவரும் சமம் என்று சாசனம் எழுதிய அதே ஜெபர்சன், தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதரை உடைமையாக வைத்திருந்தார் என்பதை அந்தப் பாறை சொல்லுமா? பாறை ஊமை. ஆகவே பாறைக்காகப் பேசுபவர் யார், அவர் யாருடைய ஆள் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

ஊரின் வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். 1747-இல் ராபர்ட் ஹார்ப்பர் என்பவர் அங்கு வந்து குடியேறினார். 1761-இல் தோணி விடும் உரிமை பெற்றார். ஆற்று நீரின் விசையைக் கண்ட ஜார்ஜ் வாஷிங்டன், அரசாங்கத்தின் படைக்கலச் சாலைக்கு அதுவே தக்க இடம் என்று தேர்ந்தார். 1799-இல் கட்டடவேலை தொடங்கிற்று. 1861-இல் அது எரியுண்டு போகும்வரை 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் அங்கு உருவாயின. ஒரு துப்பாக்கியின் உறுப்பு இன்னொன்றுக்கும் அப்படியே பொருந்தும்படி இயந்திரத்தால் செய்யும் முறையை ஜான் ஹால் என்பவர் அங்கேதான் நிலைநாட்டினார். இன்றைய தொழிற்சாலை முறைக்கே அது முன்னோடி. 1830-களில் கால்வாய் வந்தது, இருப்புப்பாதை வந்தது. வெள்ளமும் வந்தது, பலமுறை. 1870, 1889, 1924, 1936 என்று ஆறுகள் ஊரைக் கழுவித் துடைத்துக்கொண்டே இருந்தன.

1851-இல் அது முறைப்படி நகரமாக்கப்பட்டது. இன்று 300-க்கும் குறைவான மக்கள். அவர்களுக்கு ஒரு மேயர், ஒரு மன்றம். ஆனால் ஆற்றோரக் கீழூரின் பெரும்பகுதி மத்திய அரசின் தேசியப் பூங்காத் துறைக்குச் சொந்தம். 1944-இல் தேசிய நினைவிடமாக்கச் சட்டம் செய்தனர். 1963-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்கா என்று பெயர் பெற்றது. வீடுகளை மன்றம் ஆள்கிறது. நினைவுகளை மத்திய அரசு ஆள்கிறது! நமக்கு அந்த நினைவுகளின் ஆட்சியைப் பற்றித்தான் பேச்சு.

நண்பர் காட்டிய கல், 1931-ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 10-ஆம் நாள் திறக்கப்பட்டது. நட்டவர்கள் யார்? அடிமை முறையைக் காக்கப் போர் தொடுத்துத் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் புதல்வியர் சங்கத்தினரும் புதல்வர் சங்கத்தினரும்! யாருக்காக நட்டார்கள்? ஹேவர்டு ஷெப்பர்டு என்ற கறுப்பு மனிதருக்காக! ஆட்டின் நினைவாக ஓநாய் கல் நட்டால் நாம் ஐயப்படமாட்டோமா? அங்கே ஐயப்பட்டவர் சிலரே.

கல்லில் உள்ளதை நம் சொல்லில் தருகிறோம். முதற்பாதி, ஷெப்பர்டு உழைப்பாளி, மதிப்புப் பெற்றவர், அடிமையல்லர், 1859 அக்டோபர் 16-ஆம் நாள் இரவு ஜான் பிரவுனின் ஆட்களால் சுடப்பட்டு மாண்டார் என்கிறது. இவ்வளவும் உண்மை. மறுபாதியில்தான் சூது! போர்க்காலம் முழுவதும் எத்தனையோ ஆசைகாட்டல்கள் வந்தும் மயங்காமல் விசுவாசமாக நடந்துகொண்ட ஆயிரமாயிரம் கறுப்பருக்கு அவர் எடுத்துக்காட்டாம்! ஆசைகாட்டல் என்று அவர்கள் குறிப்பது எதை? விடுதலையை! மனிதனுக்கு விடுதலை ஒரு சபலம், அதில் விழாதிருப்பது ஒரு கற்பு என்று கல்லில் வெட்டிவைத்தார்கள், தோழர்களே!

அந்த இரவில் நடந்ததென்ன?

ஜான் பிரவுன், 1800-இல் பிறந்த வெள்ளையர். 59 வயதில், 21 தோழர்களைச் சேர்த்துக்கொண்டு, படைக்கலச் சாலையைக் கைப்பற்றி, அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்து, மலைத்தொடரையே கோட்டையாக்கி விடுதலைப் போர் தொடங்கத் திட்டமிட்டார். அந்த 21 பேரில் ஐவர் கறுப்பர். மேரிலாந்துப் பக்கத்துப் பண்ணைவீடொன்றில் மூவரைக் காவலுக்கு விட்டு, மற்றவர் ஞாயிற்றுக்கிழமை இரவில் பாலத்தைக் கடந்து ஊருக்குள் புகுந்தனர்.

திட்டம் நல்ல திட்டமா? இல்லை. பகுத்தறிவு பேசும் நாம், நமக்குப் பிடித்தவர் செய்தார் என்பதற்காகப் பிழையை நிறை என்று கூறமாட்டோம். ஆறுகளும் மலைகளும் சூழ்ந்த பொறிக்குள் போகிறீர்கள் என்று, தாமே அடிமையாயிருந்து தப்பியவரான பிரெடரிக் டக்ளஸ் முன்பே எச்சரித்தார், உடன்வர மறுத்தார். பிரவுன் கேட்கவில்லை. நள்ளிரவில் வந்த ரயிலை நிறுத்தி வைத்தவர், பின்பு அதைப் போகவும் விட்டார். அது செய்தியைச் சுமந்துகொண்டு ஓடிற்று. அதற்கும் முன்பு, 1856-இல் கான்சாசில் அடிமை முறைக்கு ஆதரவான ஐவரை இரவில் வீட்டிலிருந்து இழுத்துவந்து வெட்டிக்கொன்ற செயலுக்கும் பிரவுனே தலைமை. அதை வீரம் என்று எழுத நம் கை கூசுகிறது.

ரயிலடிச் சுமைக்காரரான ஹேவர்டு ஷெப்பர்டு, இருட்டில் பாலத்தின்மீது என்ன நடக்கிறது என்று பார்க்கச் சென்றார். நில் என்றனர். திரும்பினார். சுட்டனர். மறுநாள் மாண்டார். விடுதலைக்கென்று புறப்பட்ட படையின் முதற்குண்டு விலங்கில்லாத ஒரு கறுப்பு மனிதரின் உயிரைக் குடித்தது. இதை மறைத்துவிட்டுப் பிரவுனுக்குப் பரணி பாடுவது நமக்கு ஆகாது. அவருடைய சாவு ஒரு கொடுமை. அவருக்கு நினைவுக்கல் வேண்டியதே.

ஆனால் அவர் எதற்கு விசுவாசமாக இறந்தார்? சிந்தியுங்கள். இன்னார் வந்திருக்கிறார்கள், இன்ன நோக்கம், உனக்கு விடுதலை வேண்டுமா வேண்டாமா என்று அவரை எவரும் கேட்கவில்லை. அவர் மறுத்துப் பேசவும் இல்லை. இருட்டில் வேலைக்குப் போனார், திரும்புகையில் மாண்டார். கேட்கப்படாத கேள்விக்கு 72 ஆண்டு கழித்து ஒரு விடையைத் தயாரித்து, இறந்தவர் வாயில் திணித்தார்கள். உயிரோடிருந்தபோது அவருக்கு என்ன தந்தார்கள்? வர்ஜீனியாவின் 'சுதந்திரக்' கறுப்பருக்கு வாக்கில்லை. வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல உரிமையில்லை. விடுவிக்கப்பட்ட அடிமை 12 திங்களுக்குள் மாநிலத்தை விட்டே வெளியேறவேண்டும் என்று 1806-இலேயே சட்டம். அவர்கள் ஓரிடத்தில் கூடி எழுத்துப் படிப்பது சட்டவிரோதக் கூட்டம் என்று 1831-இல் இன்னொரு சட்டம். கரும்பலகை முன் நிற்கும் நமக்கு இந்தக் கடைசிச் சட்டம் நெஞ்சில் தைக்கிறது. 'அ' என்று எழுதிக்காட்டினால் குற்றம்! அவர் படித்துவிடக்கூடாது என்று சட்டம் செய்தவரின் வழித்தோன்றல்கள், அவர் பெயரால் கல்லில் எழுத்து வெட்டினர்.

இனி, கல்லில்லாத ஒருவரைச் சொல்கிறோம்.

டேஞ்சர்பீல்டு நியூபி. பிரவுனோடு வந்த ஐந்து கறுப்பரில் ஒருவர். வெள்ளைத் தந்தைக்கும் அடிமைத் தாய்க்கும் பிறந்து, விடுதலை பெற்று ஒகையோவில் வாழ்ந்தவர். அவருக்கு விடுதலை, மனைவி ஹாரியட்டுக்கும் குழந்தைகளுக்கும் இல்லை! அவர்கள் வர்ஜீனியாவில் ஒருவனுடைய சொத்து. கொல்லன் உலையில் வெந்து பணம் சேர்த்தார், மனைவியை விலைக்கு வாங்க! கட்டிய மனைவியை விலைபேசி வாங்கவேண்டிய கணவன்! பேரம் படியவில்லை. ஹாரியட்டிடமிருந்து கடிதங்கள் வந்தன. எப்படியாவது வந்து மீட்டுக்கொள்ளுங்கள், எசமானுக்குப் பணமுடை, என்னை விற்றுவிடுவார்கள் போலிருக்கிறது என்று அவற்றில் கெஞ்சியிருந்தார். அக்டோபர் 17-ஆம் நாள் நியூபி ஹார்ப்பர்ஸ் பெர்ரித் தெருவில் சுடப்பட்டு வீழ்ந்தார். பிரவுனின் ஆட்களில் முதலில் மாண்டவர் அவரே. ஊரார் பிணத்தின் காதை அறுத்தனர். பன்றிகள் குதறுவதை வேடிக்கை பார்த்தனர். சட்டைப் பையில் ஹாரியட்டின் கடிதங்கள் இருந்தன. அவரும் குழந்தைகளும் தெற்கே லூசியானாவுக்கு விற்கப்பட்டனர்.

மனைவியிடம் விசுவாசம், மக்களிடம் விசுவாசம்! இதைவிடப் பெரிய விசுவாசம் உண்டா? இதற்கு ஏன் 1931-இல் எவரும் கல் நடவில்லை? ஏனென்றால் அவர்கள் அகராதியில் விசுவாசம் என்றால் கீழிருந்து மேல்நோக்கிப் போவது. மனைவிமேல் வைத்த அன்பு கணக்கில் வராது. எசமான்மேல் வைத்ததே கணக்கு.

அதே நாளில் இன்னொருவரும் மாண்டார்: ஊரின் மேயர் பான்டெய்ன் பெக்காம். ஷெப்பர்டின் வேலையிடமான ரயிலடிக்கு முகவரும் அவரே. கையில் ஆயுதமின்றி எட்டிப்பார்த்தவரைப் பிரவுனின் ஆட்கள் சுட்டனர். மனம் கொதித்த ஊரார், சிறைப்பட்டிருந்த ஒருவரை இழுத்துச்சென்று பாலத்தில் சுட்டுத்தள்ளினர். இதில் ஒரு விந்தை. பெக்காம் எழுதிவைத்திருந்த உயிலின்படி, அவர் இறந்ததும் ஓர் அடிமைக் குடும்பம் விடுதலை பெற்றது! நல்லவர் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் இதுதான் அந்த அமைப்பின் அலங்கோலம். நல்லவர் ஒருவர் சாகவேண்டும், ஒரு குடும்பம் மனிதராவதற்கு! நல்ல எசமானை நம்பிக் காத்திருங்கள் என்று உபதேசிப்போர், அவருடைய சாவுக்காகக் காத்திருங்கள் என்றல்லவா சொல்கிறார்கள்? 1860-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டில் ஏறத்தாழ 39 லட்சத்து 50 ஆயிரம் அடிமைகள். எத்தனை நல்ல எசமானர்கள், எத்தனை உயில்கள் வேண்டும்!

சட்டத்தின் வழியே போயிருக்கலாமே என்பார் சிலர். எந்தச் சட்டம்? தப்பியோடிய அடிமையைப் பிடித்துக்கொடுக்காதவனைத் தண்டிக்கும் 1850-ஆம் ஆண்டுச் சட்டமா? கறுப்பன் இந்நாட்டின் குடிமகனே அல்லன் என்று 1857-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பா? கதவையும் அடைத்து, சன்னலையும் அடைத்து, உள்ளே நெருப்பும் வைத்துவிட்டு, சுவரை ஏன் இடித்தாய் என்று கேட்கும் நியாயம் இது!

மூன்றாம் நாள் காலை, கர்னல் ராபர்ட் லீயின் தலைமையில் வந்த கடற்படை வீரர்கள், பிரவுன் ஒளிந்திருந்த தீயணைப்பு வண்டிக் கொட்டகையின் கதவை உடைத்தனர். பிரவுனோடு சேர்ந்த 22 பேரில் 10 பேர் மாண்டனர், அவர்களில் இருவர் பிரவுனின் புதல்வர்கள். 5 பேர் தப்பினர். பிரவுன் உள்ளிட்ட 7 பேருக்குத் தூக்கு. 1859 டிசம்பர் 2-ஆம் நாள் அருகிலுள்ள சார்லஸ் டவுனில் அவர் தூக்கிலேறினார். 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1865 டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது.

அந்தப் போர்க்காலத்தில் ஆயிரமாயிரம் கறுப்பர் விசுவாசமாக இருந்தனர் என்கிறதே கல், உண்மையா? ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம் கறுப்பர் வடபுலப் படையில் சேர்ந்து, தம் பழைய எசமானருக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தினர். வேறெங்கும் போகவேண்டாம், அந்தக் கல் நிற்கும் ஹார்ப்பர்ஸ் பெர்ரிக்கே பண்ணைகளை விட்டு ஓடிவந்த அடிமைகள் கூட்டம் கூட்டமாகத் தஞ்சம் புகுந்தனர். அவர்கள் கால் பதிந்த மண்ணிலேயே, 'அவர்கள் ஓடவில்லை' என்று கல் நட்ட துணிச்சலை என்னென்பது!

இந்தத் துணிச்சல் நமக்குப் புதிதன்று. செஞ்சோற்றுக் கடன் என்று நம்மவருக்கும் ஒரு பாடம் உண்டல்லவா? சோறு போட்டவன் எவன், அந்தச் சோற்றை விளைவித்தவன் எவன் என்று கேளாதே, உண்டதற்கு உயிரைக் கொடு! நம் வகுப்பில் 'நன்றி மறவாமை' என்று தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னால், பெரும்பாலான பிள்ளைகள் எசமானைக் காத்து இறந்த நாயின் கதையை எழுதி நீட்டுகிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். தலைப்பை இவ்வாண்டு மாற்றிவிட்டோம். சிலருக்கு வருத்தம்.

நண்பரின் படங்களில் ஒன்று அந்தத் தீயணைப்புக் கொட்டகை. 'ஜான் பிரவுன் கோட்டை' என்று அழைக்கிறார்கள். சின்னஞ்சிறு செங்கற்கட்டடம். அது அலைந்த அலைச்சலைக் கேளுங்கள். 1891-இல் விலைக்கு விற்கப்பட்டு, செங்கல் செங்கலாகப் பிரிக்கப்பட்டு, 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியின்போது அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது. பத்து நாளில் பார்க்க வந்தவர் 11 பேர்! பின்பு திரும்பக் கொண்டுவரப்பட்டு, 1895-இல் ஒரு பண்ணையில் கட்டப்பட்டது. பின்னர் மேட்டிலிருந்த கறுப்பர் கல்லூரியின் வளாகத்துக்குப் போயிற்று. 1968-இல் மீண்டும் கீழூர் வந்தது. பழைய இடத்தை ரயில்பாதைக் கரை மூடிவிட்டதால், அதற்குச் சற்றுத் தள்ளியே இன்று நிற்கிறது. மறுபடி கட்டும்போது படத்தைத் தலைமாற்றிப் பார்த்துவிட்டார்களாம். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் ஆகிவிட்டது. கொத்தனார் தெரியாமல் செய்த பிழை அது, மன்னிக்கலாம். தெரிந்தே இடத்தை வலமாக்கிய சங்கத்தினரை?

அந்தக் கல்லூரியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். நண்பர் அதைப் படமெடுக்கவில்லை. ஸ்டோரர் கல்லூரி என்று பெயர். போர் ஓய்ந்த 1865-லேயே, விடுதலை பெற்றோருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அவ்வூருக்கு ஆசிரியர்கள் வந்தனர். மெய்ன் மாநிலத்து ஜான் ஸ்டோரர், 10,000 டாலர் தருகிறேன்; அதே அளவு நீங்களும் திரட்டவேண்டும்; நிறமும் பாலும் பாராமல் அனைவரையும் சேர்க்கவேண்டும் என்றார். 1867-இல் கல்லூரி பிறந்தது, படைக்கலச் சாலையின் அதிகாரிகள் வாழ்ந்து கைவிட்ட வீடுகளில்! ஊரார் ஏசினர், எதிர்த்தனர். பாடம் நடந்தது. கூடிப் படித்தால் குற்றம் என்ற மண்ணில், 36 ஆண்டுக்குப் பின் ஒரு கல்லூரி! பிற்காலத்தில் நைஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவரான நம்டி அசிகிவே 1920-களில் பயின்ற இடங்களுள் அதுவும் ஒன்று.

1881-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், அக்கல்லூரியில் பிரெடரிக் டக்ளஸ் பேசினார், ஜான் பிரவுனைப் பற்றி! மேடையில் யார் அமர்ந்திருந்தார் தெரியுமா? பிரவுனுக்குத் தூக்கு வாங்கிக்கொடுத்த அரசு வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஹன்டர்! உடன்போக மறுத்த மனிதர், உயிரைக் கொடுத்த மனிதரைப் பற்றி, உயிரை வாங்கிய மனிதர் முன்னிலையில் பேசினார். தான் அடிமைக்காக வாழ முடிந்தது, பிரவுனால் அடிமைக்காகச் சாக முடிந்தது என்ற பொருள்படப் பேசினார். எச்சரித்தது சரி, அதற்காக இறந்தவரைச் சிறுமைப்படுத்தவேண்டியதில்லை என்ற தெளிவு அது. நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

1906 ஆகஸ்டில் அதே வளாகத்தில் நயாகரா இயக்கம் கூடிற்று. டூ பாய்ஸ் முன்னின்ற இயக்கம். வாக்குரிமை, கல்வி, சம உரிமை அனைத்தும் இப்போதே வேண்டும் என்ற இயக்கம். அதன் வழியே 1909-இல் கறுப்பு மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் எழுந்தது. மாநாட்டின் ஒருநாள் விடியலில், அவர்கள் பண்ணையிலிருந்த பிரவுன் கோட்டைக்கு வரிசையாக நடந்தனர். அருகே வந்ததும் செருப்பையும் காலுறையையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சென்றனர். இதைப் படித்தபோது நமக்குச் சற்று நெருடியது. செருப்பைக் கழற்று என்று கட்டளையிடும் தெருக்களை எதிர்த்துப் பேசும் மரபில் வந்தவர்கள் அல்லவா நாம்! ஆனால் அங்கே கட்டளையிட எவருமில்லை. பட்டம் பெற்றவர்கள், வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், தாமாக விரும்பிக் கழற்றினர். பணிந்து கழற்றுவதும் மதித்துக் கழற்றுவதும் வெவ்வேறு என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். நெருடல் முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டோம்.

டூ பாய்ஸ் நமக்கு அயலாரும் அல்லர். 1946-இல் அண்ணல் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதினார். கறுப்பு மக்களின் குறையை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டுசெல்லும் முறையீட்டின் படி கேட்டார். தீண்டப்படாதார் நிலையும் நீக்ரோக்கள் நிலையும் ஒத்திருப்பதைக் குறிப்பிட்டார். டூ பாய்ஸ் மறுமொழி எழுதினார். அதற்கும் முன்பே, 1873-இல் சோதிராவ் பூலே தம் 'குலாம்கிரி' நூலை, அடிமைத்தளை அறுக்க உழைத்த அமெரிக்க மக்களுக்குப் படைத்தார். ஆற்றோர அமெரிக்கச் சிற்றூரின் சங்கதி நமக்கெதற்கு என்று கேட்போருக்கு இதுவே விடை.

இனி மீண்டும் 1931. கல் திறப்பு விழா. ஸ்டோரர் கல்லூரியின் வெள்ளைத் தலைவரே விழாவில் பங்குகொண்டார். கல்லூரிப் பாடகர்களும் வந்திருந்தனர். விசுவாச அடிமையின் பெருமையைப் பேச்சாளர்கள் பொழிந்து தள்ளினர். அப்போது நிகழ்ச்சிநிரலில் இல்லாத ஒரு குரல் எழுந்தது. கல்லூரியின் இசையாசிரியை பேர்ல் டாட்டன், பாட வந்தவர், பேசினார்! என் மக்களின் விடுதலைக்காக வடபுலப் படையில் போரிட்டவரின் மகள் நான். நாங்கள் இன்னும் பெரிய உரிமையை நோக்கி முன்னேறுகிறோம் என்ற கருத்தில் சில சொற்கள். அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யார், தம் ஊதியம் யார் கையில் என்பதெல்லாம் தெரிந்த ஓர் ஆசிரியையின் சில சொற்கள். அதே தொழிலில் இருக்கும் நாம், தலைமையாசிரியர் அறையில் விழுங்கிவிட்டு வந்த சொற்களை எண்ணி வெட்கப்பட்டோம்.

1932-இல் தேசியச் சங்கத்தினர், டூ பாய்ஸ் எழுதிய வாசகத்தோடு ஒரு செப்புப் பலகையைக் கோட்டைச் சுவரில் பதிக்கக் கொண்டுவந்தனர். கோட்டை அப்போது கல்லூரி வளாகத்தில் இருந்தது. கல்லூரி நிருவாகம் வாசகம் கடுமை என்று மறுத்துவிட்டது. விசுவாசக் கல்லுக்கு விழா. விடுதலைப் பலகைக்குக் கதவடைப்பு! அந்தப் பலகை அவ்வளாகத்தில் இடம்பெற 2006 வரை, 74 ஆண்டுகள் காத்திருக்கவேண்டியதாயிற்று. அதற்குள் கல்லூரியே இல்லை. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனித் தனிக் கல்லூரிக்குப் பணம் எதற்கு என்று மாநில அரசு மானியத்தை நிறுத்திற்று. 1955-இல் கல்லூரி மூடப்பட்டது. எல்லோருக்கும் கதவு திறந்து வைத்திருந்த கல்லூரி, எல்லோருக்கும் கதவு திற என்ற தீர்ப்பைக் காரணம் காட்டி மூடப்பட்டது!

கல்லின் கதையும் தொடர்ந்தது. அருகிலிருந்த கட்டடங்களைப் பழுதுபார்க்க 1970-களில் அதைப் பெயர்த்தெடுத்தனர். 1981-இல் திரும்ப நட்டனர்; நட்ட உடனே எதிர்ப்புக்கு அஞ்சிப் பலகைப் பெட்டியால் மூடினர். பெட்டிக்குள் கல்! ஆண்டுக்கணக்கில்! 1995-இல் பெட்டியை எடுத்துவிட்டு, பக்கத்தில் விளக்கப் பலகை ஒன்றை வைத்தனர்.

பெட்டியை எடுத்தது சரியே என்பது நம் கருத்து. உடைக்கவேண்டும் என்று நம் தோழர்கள் சிலர் சொல்லக்கூடும். உடைத்துவிட்டால், விடுதலையைச் சபலம் என்று எழுதிய கை ஒன்று இருந்தது என்பதற்குச் சான்று எங்கே? நிற்கட்டும். ஆனால் இப்படியா நிற்பது? டூ பாய்சின் பலகை மேட்டில், பழைய கல்லூரி வளாகத்தில். இந்தக் கல் கீழே, ஆயிரக்கணக்கானோர் நடமாடும் தெருவில். நம் நண்பர் படித்தவர், உலகம் சுற்றியவர். அவருக்கே கல் கண்ணில் பட்டது. பக்கத்து விளக்கம் படவில்லை. மேட்டுப் பலகை இருப்பதே தெரியாது. இரண்டையும் ஒரே இடத்தில் அருகருகே வைக்க அந்தத் துறைக்கு என்ன தடை? நினைவுகளை ஆள்பவர்கள் இதற்கு விடை சொல்லவேண்டும்.

நியூபியைச் சொல்லி முடிக்கவில்லை. அவரையும் உடன் மாண்ட ஏழு தோழர்களையும் ஷெனன்டோவா ஆற்றங்கரையில் பெட்டிகளில் அடைத்துப் புதைத்திருந்தார்கள். 1899-இல் எலும்புகளைத் தோண்டியெடுத்து, நியூயார்க் மாநிலத்து வட எல்பாவில், ஜான் பிரவுனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தனர்.

இவ்வளவையும் நண்பரிடம் மறுநாள் அதே வேப்பமரத்தடியில் சொன்னோம். சினப்படுவார் என்று எதிர்பார்த்தோம், படவில்லை. கைப்பேசியை எடுத்து அந்தக் கல்லின் படத்தை மறுபடி பெரிதாக்கிப் படித்தார், இம்முறை மறுபாதியையும்.

"மேட்டில் பலகை என்றாயே, எவ்வளவு தூரம் ஏறவேண்டும்?" என்றார்.

கல் படிகள் வழியே மேலே போய், கோவிலையும் ஜெபர்சன் பாறையையும் கடந்து, இடுகாட்டையும் தாண்டினால் கல்லூரி வளாகம் என்று நாம் படித்த அளவில் சொன்னோம். ஜெபர்சன் பாறை வரை ஏறியிருக்கிறார், அதற்குமேல் போகவில்லையாம். அடுத்த முறை போய்ப் படம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.